பட்டை வைத்த தையல்

கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் வைரக்கண்ணு தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது பத்துத் தடவை இருந்தால் அதிகம். ரேஷன் கடையில் ஒன்று, ஆதார் எடுக்கப் போன இடத்தில் ஒன்று, இப்படி அரசாங்கம் கேட்டால்தான் "சாவித்திரி" என்பார். மற்றபடி அவருக்குச் சீட்டிதான். டிபிசி என்று ஊரில் சொல்கிற நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்கு தைத்து முடித்துத் திரும்புகிறவர், வாய்க்கால் மதகைத் தாண்டும்போது உதட்டைக் குவித்து ஊதுவார். சின்னதாய் இரண்டு, நீளமாய் ஒன்று. வீட்டுக்குள் இருக்கும் சாவித்திரி, அவர் காதில் விழாது என்று தெரிந்தும், "வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பாள். அவர் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் குழம்பு சூடாகியிருக்கும். "பொண்டாட்டியக் கூப்புடுறியா, ஆட்டுக்குட்டியக் கூப்புடுறியா?" என்று ஊரில் கேட்காதவர் இல்லை. புதுசில் சாவித்திரியும் முகத்தைச் சுளித்தவள்தான். பிறகு அது இல்லாமல் ஒரு சாயங்காலம் முடியாது என்றாகிவிட்டது.

அந்தச் சீட்டி நின்று எட்டு மாதமாகிறது.

இளம் வயதில் வந்து மாத்திரையில் போன காசநோய், அதற்குப் பிறகும் விடாத பீடி, முப்பது வருஷம் மூக்கில் ஏறிய நெல் சுணை, மூன்றும் சேர்ந்து நெஞ்சைப் பாழாக்கிவிட்டன. மதகுக்கு வரும்போதே மூச்சு வாங்கும். ஊதுவதற்கு ஏது காற்று? தை மாதக் கடைசியில், சம்பா நெல் மலைமலையாய் வந்து குவிகிற நேரத்தில், மூட்டை அடுக்கில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நுரையீரலில் கொப்புளம் ஒன்று வெடித்துவிட்டது என்றார்கள். நன்னிலத்திலிருந்து திருவாரூர், திருவாரூரிலிருந்து தஞ்சாவூர். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்து, வெட்டிய வாயைப் பொடிப்பொடிக் கம்பிகளால் வரிசையாகக் கிளிப் போட்டு மூடினார்கள். அந்தக் கிளிப் போடுகிற கருவிக்கும் ஸ்டேப்ளர் என்றுதான் பெயர் என்று நர்ஸ் சொன்னபோது, சாவித்திரிக்குக் கொள்முதல் நிலையத்து எழுத்தர் ரசீதில் டக்கென்று அடிக்கிற பின்தான் ஞாபகம் வந்தது.

அந்தக் கிளிப் வரிசையில்தான் இப்போது கசிவு. அவருடைய விலாவில் ஒரு குழாய் சொருகியிருந்தது. அதன் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணீரில் முங்கியிருந்தது. நெஞ்சுக்குள் கசிகிற காற்று அந்த வழியாய் வெளியேறித் தண்ணீரில் குமிழி விடும். குளுக், குளுக், குளுக். இருபத்து மூன்று நாளாய் சாவித்திரி அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். சீட்டியாய் வர வேண்டிய காற்றெல்லாம் இப்படி வீணாய்ப் போகிறதே என்று அவளுக்குப் பாட்டிலின் மேல் கோபம் கோபமாய் வரும்.

ஆண்கள் வார்டில் பெண்களுக்குக் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான் அனுமதி. ஆறு மணிக்குக் காவலாளி விரட்டினால், கீழே தகரக் கொட்டகையில் பாயை விரிக்க வேண்டியதுதான். ஒரே மகன் சதீஷ் ஷார்ஜாவில் இருந்தான். லீவு கேட்டிருந்தான், கிடைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் விலா எலும்பு முறிந்து கிடந்த பாபநாசம் அப்துல் வஹாபுக்கு அவர் மகன் இரவுத் துணை. அவனே வைரக்கண்ணுவையும் பார்த்துக்கொண்டான். வஹாபின் மனைவி ஜன்னத் பீவிக்கும் கொட்டகைதான் கதி. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஒரு டப்பாவில் சாப்பிட்டு, அக்கா தங்கைபோல ஆகிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை டாக்டர் கலைமகள் கட்டிலருகே நின்று தெளிவாகவே சொல்லிவிட்டுப் போனார்.

"திங்கட்கிழமை வரைக்கும் பாக்குறேன். குமிழி நின்னா குழாயை எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுறேன். நிக்கலைன்னா மறுபடியும் திறக்கணும். வேற வழியில்லை, வைரக்கண்ணு."

அவர் போனபின் வைரக்கண்ணு தலையணையில் சாய்ந்துகொண்டார். சாவித்திரி ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளையிலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருவாட்டி அறுத்தா நான் திரும்ப மாட்டேன்னு தோணுது," என்றார்.

"வாயக் கழுவுங்க."

"இல்ல. மொதல்ல தச்சது நிக்கலியே, ஏன்? சதை இத்துப் போயிருக்கு. இத்துப்போன சாக்குல மறுபடி ஊசியப் போட்டா என்னாவும்? ஓட்டைதான் பெருசாவும். எனக்குத் தெரியாதா?"

அவளுக்கும் தெரியும். கொள்முதல் நிலையத்துக்குப் பழைய சாக்கு வந்து இறங்கும் வருஷங்களில், வாய் இற்றுப்போன சாக்கில் தையல் நிற்காது. நூல் சணலை அறுத்துக்கொண்டு வந்துவிடும், நெல் கொட்டும். அதற்காக வைரக்கண்ணு கிழிந்த சாக்குகளை வீட்டுக்குக் கொண்டு வருவார். சாவித்திரி அதில் நல்ல பகுதியாய்ப் பார்த்து இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை வெட்டிக் கொடுப்பாள். சாக்கு வாயின் இரண்டு பக்கமும் அந்தப் பட்டையை வைத்துச் சேர்த்துத் தைப்பார். தைத்து முடித்த மூட்டையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "நிக்கும்" என்பார். அவர் நிக்கும் என்றால் நிற்கும்.

"எனக்கு வீட்டுக்குப் போவணும், அவ்வளவுதான்," என்றார் வைரக்கண்ணு. "டிபிசியில எவன் தைக்கிறானோ. நேத்து தூறிச்சே, படுதா போட்டாங்களான்னு கேட்டியா?"

"உங்களுக்கு அதான் கவலையா? நெல்லு நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போவுது." சொல்லிவிட்டு, சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததையும் சாவித்திரி சொன்னாள். "புதங்கெழம துணி எடுக்க ஊருக்குப் போனேன்ல. சாயங்காலம் ஆச்சு. வீட்டைக் கூட்டிட்டு நின்னேன். திடீர்னு பாத்தா அடுப்பு எரியுது. நாந்தான் பத்த வச்சிருக்கேன். ஒலையும் வக்கல, ஒண்ணும் வக்கல. கையி அதுபாட்டுக்குப் பத்த வச்சிருக்கு. அப்பறம்தான் உறைச்சுது, கூப்புட ஆளில்லன்னு. அப்படியே அடுப்பு முன்னாடி ஒக்காந்து அழுதேங்க. என்னால முடியல. நீங்க வந்து சேருங்க, எப்படியாச்சும்."

வைரக்கண்ணு அவளைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குக் கீழே பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து அவள் கொண்டுவந்த பாய், சணல் கயிற்றால் கட்டியபடி கட்டில் காலடியில் சாய்ந்திருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாய் உள்ளே போனவள் சாவித்திரிதான். கையில் தூக்குவாளியில் காபி. வழக்கம்போல முதலில் பாட்டிலைத்தான் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் இருந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டாள். சத்தமே இல்லை.

"ஏங்க! குமிழி நின்னுடுச்சுங்க!"

"ம்," என்றார் வைரக்கண்ணு. போர்வையை மார்புவரை இழுத்துப் போர்த்தியிருந்தார். "வெள்ளன ஒரு அஞ்சு மணிக்கு நின்னுச்சு."

"வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? பாய் அண்ணே, பாத்தீங்களா?"

அப்துல் வஹாப் தலையைத் திருப்பாமலே சிரித்தார். "அல்லா காப்பாத்துனாரு. ராத்திரி பூரா தூங்காம முழிச்சிட்டே இருந்தாரு தங்கச்சி. இன்னிக்கு என்னாவுமோங்குற கவலைதான் போலருக்கு."

அவருக்குக் காபியை ஆற்றிக் கொடுத்தாள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் போதும் என்றார். தூக்கம் வருகிறது, நீ போய்ப் பல் விளக்கிச் சாப்பிட்டுவிட்டு வா என்றார். சாவித்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை. கொட்டகைக்கு ஓடி ஜன்னத் பீவியைக் கட்டிக்கொண்டாள். ஷார்ஜாவுக்குப் போன் போட்டு, "அப்பா வந்துருவாருடா" என்றாள். எதிர்வீட்டு பிரகதாம்பாளைக் கூப்பிட்டு, வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைக்கச் சொன்னாள். தோசை வாங்கினாள், அதில் பாதியை ஜன்னத் பீவிக்குக் கொடுத்தாள்.

"டாக்டரு பாத்துட்டுச் சொல்லட்டும்மா," என்றாள் ஜன்னத் பீவி. "அதுக்குள்ள ஊருக்கெல்லாம் சொல்லிட்டியே."

"நின்னுடுச்சுக்கா. நானே காதை வச்சுக் கேட்டேன்."

திரும்பிப் போனபோது ஏழரை மணி. வைரக்கண்ணு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி, வாயைத் திறந்து, மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்து வீங்கி, கன்னத்தோடு சேர்ந்துவிட்டது. சாவித்திரி கழுத்தில் கை வைத்தாள். தோலுக்கு அடியில் பொரியை நசுக்குகிற மாதிரி நொறுநொறுவென்றது.

"சிஸ்டர்! சிஸ்டர்!"

நர்ஸ் வார்டின் மறுகோடியில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். வஹாபின் மகன் அவளிடம் ஓடினான். சாவித்திரி போர்வையை விலக்கினாள். விலாவிலிருந்து வந்த குழாய் தொடையோரத்தில் இரண்டாய் மடிக்கப்பட்டு, சணல் கயிற்றால் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. அவள் பாய் கட்டிக்கொண்டு வந்த கயிறு. சுற்றுக்கு மேல் முடிச்சு.

அந்த முடிச்சை அவள் ஆயிரம் மூட்டையில் பார்த்திருக்கிறாள். அறியாதவர்கள் அதற்குக் கத்தரிக்கோல் தேடுவார்கள். அறிந்தவர்களுக்கு இரண்டு நுனியில் குட்டையான நுனி எது என்று தெரிந்தால் போதும். சாவித்திரி குட்டை நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாய் இழுத்தாள். சுற்று முழுக்க அவிழ்ந்து கையோடு வந்தது. குழாய் நிமிர்ந்தது. அடைபட்ட காற்று பாட்டிலுக்குள் புரண்டுகொண்டு வந்து, தண்ணீர் கொதிக்கிற மாதிரி கொதித்தது. வைரக்கண்ணு ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று இழுத்தார். சாவித்திரி கையில் கயிற்றோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸ் வந்து, ஆக்சிஜன் வந்து, டாக்டர் கலைமகளும் ஓடி வந்து, எல்லாம் அடங்க ஒரு மணி நேரமாயிற்று. டாக்டர் கயிற்றைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசாதவர். அன்றைக்குப் பேசினார்.

"கட்டினா குமிழிதான் நிக்கும், ஓட்டை நிக்குமா? இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா உங்களை யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாது. விவசாய ஊர்க்காரர்தானே நீங்க? வடிகாலை அடைச்சா தண்ணி எங்க போகும்?"

"கரைய ஒடச்சுக்கிட்டுப் போவும்," என்றார் வைரக்கண்ணு மெதுவாக. பரீட்சையில் சரியான விடை சொன்ன பிள்ளை மாதிரி இருந்தது. அந்த நிலையிலும் நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சாவித்திரி சொன்னாள். "நாந்தான் டாக்டரம்மா காரணம். வீட்டுக்கு வாங்க, எப்படியாச்சும் வாங்கன்னு நாந்தான் அழுதேன். வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

"அவ ஒண்ணும் சொல்லல," என்றார் வைரக்கண்ணு. "நாந்தான் பயந்துட்டேன். மறுபடி தச்சாலும் நிக்காதுன்னு."

டாக்டர் கயிற்றைக் கீழே வைத்தார். நர்ஸிடம் ஏதோ சொல்லியனுப்பினார். அவள் ஒரு சிறு உறையைக் கொண்டு வந்தாள். காலாவதியாகிவிட்டது, காட்டுவதற்கென்று வைத்திருக்கிறோம் என்று சொல்லி டாக்டர் அதைக் கிழித்தார். உள்ளே விரல் நீளத்தில், தந்த நிறத்தில் ஒரு பட்டை இருந்தது.

"இந்தத் தடவை சும்மா கிளிப் போட மாட்டேன். ஸ்டேப்ளரோட ரெண்டு தாடையிலயும் இதை மாட்டிடுவேன். நடுவுல நுரையீரல் இருக்கும். அழுத்தினா கம்பி சதையை மட்டும் பிடிக்காது. பட்டை, சதை, பட்டை மூணையும் சேர்த்துப் பிடிக்கும். கம்பி சதையை அறுக்காது, கம்பி போன துளையும் அடைபட்டுடும்."

வைரக்கண்ணு கையை நீட்டினார். டாக்டர் கொடுத்தார். சாக்கு நூல் இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய விரல்கள் அந்தப் பட்டையை வாங்கி, நீளவாக்கில் இழுத்துப் பார்த்தன. பிறகு குறுக்குவாக்கில். நகத்தால் ஓரத்தைப் பிரிக்கப் பார்த்தார். அது பிரியவில்லை. அவர் முகத்தில் இத்தனை நாளில் வராத ஒரு கவனம் வந்திருந்தது. புதுசாக வந்திறங்கிய சாக்குக் கட்டைப் பார்க்கிற முகம் அது.

"ரெண்டு பக்கமுமா?" என்றார்.

"ரெண்டு பக்கமும்."

"மொதவாட்டி ஏம்மா வக்கல?"

"திறந்து பாத்தப்ப ஓரம் நல்லா இருந்துச்சு. தாங்கும்னுதான் நினைச்சேன். தாங்கலை." டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. "இப்பவும் கசியவே கசியாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இதை விட்டா வேற நல்ல வழி எங்கிட்ட இல்லை."

"இது என்ன துணிங்கம்மா?" என்றாள் சாவித்திரி.

"துணி இல்லைம்மா. மாட்டோட இதயத்தைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கும். அதை எடுத்து, நல்லாச் சுத்தம் பண்ணி, மருந்துல பதப்படுத்தினது. சிலர் வேண்டாம்பாங்க, அதனால முன்கூட்டியே சொல்லிடுவேன். உங்களுக்குச் சம்மதமா?"

சாவித்திரி கணவனைப் பார்த்தாள். அவர் பட்டையை உள்ளங்கையில் விரித்து வைத்து, மற்றக் கையால் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"நிக்கும்," என்றார்.

அதைக் கேட்டதும் சாவித்திரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

வியாழக்கிழமை ஆபரேஷன். காலையில் அவரை உள்ளே கொண்டுபோனதும், சாவித்திரி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து காய்கறி வண்டியில் அகத்திக்கீரை ஒரு கட்டு வாங்கினாள். தெருவோரத்தில் யார் வீட்டுப் பசுவோ ஒன்று அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து அட்டையைப் பிடுங்கிவிட்டுக் கீரையை நீட்டினாள். கூட வந்த ஜன்னத் பீவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தச் சவ்வு கொடுத்த மாடு எந்த ஊரோ, எந்த நாடோ. நீ இதுக்குக் கீரை போடுற."

"போய்ச் சேரும்க்கா."

"சேரும், சேரும்," என்ற ஜன்னத் பீவி, கட்டிலிருந்து ஒரு கொத்தைப் பிரித்துத் தன் பங்குக்கும் நீட்டினாள். பசு யார் கொடுத்தது என்று பார்க்காமல் தின்றது.

மாசி வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாய்ப் போயின. ஒவ்வொரு மூட்டையின் வாயையும் சாவித்திரி தன்னையறியாமல் பார்த்தாள். எவனோ அவசரத்தில் தைத்த தையல், இடைவெளி விட்டு விட்டு. ஒரு மூட்டையிலிருந்து நெல் மணி மணியாய்த் தார்ச்சாலையில் சிந்திக்கொண்டே போனது. அவர் பார்த்தால் லாரியை நிறுத்தியிருப்பார் என்று நினைத்தாள். அவருடைய கோபம்கூட வேண்டும் போலிருந்தது. சோற்றில் கல் இருந்தால் கத்துகிற கத்தல், வெற்றிலை எச்சில், வியர்வையும் சணலும் கலந்த வாடை, எல்லாம் வேண்டும். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தபோது வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இப்போது தோன்றித் தொலைக்கிறது.

மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். "வச்சுத் தச்சாச்சு. இனி நாலு நாள் பாக்கணும்," என்றார்.

அந்த நாலு நாளும் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அங்கே யாருக்கும் அனுமதியில்லை. கண்ணாடிக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஒன்றும் தெரியாது. சாவித்திரி கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். யார் வெளியே வந்தாலும் ஒரே கேள்விதான். "குமிழி வருதா?" முதல் நாள் கொஞ்சம் வருகிறது என்றார்கள். இரண்டாம் நாள் இருமினால் மட்டும் வருகிறது என்றார்கள். மூன்றாம் நாள் நர்ஸ் கையை மட்டும் விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். இல்லை என்று அர்த்தமா, தெரியாது என்று அர்த்தமா என்று அன்று முழுக்க சாவித்திரியும் ஜன்னத் பீவியும் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை ஊருக்கு யாருக்கும் அவள் போன் போடவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் கதவு திறந்தது.

"வைரக்கண்ணு அட்டெண்டர்! ரெண்டு நிமிஷம் உள்ள வாங்க."

சாவித்திரி விருட்டென்று எழுந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கொடுத்த பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு போனாள். கடைசிக் கட்டிலருகே மூச்சுப் பயிற்சி கொடுக்கிற பரிதி என்ற இளைஞர் நின்றுகொண்டிருந்தார். சாவித்திரி கட்டிலுக்குக் கீழேதான் முதலில் பார்த்தாள். பாட்டிலில் தண்ணீர் அசையாமல் இருந்தது. குழாயைத் தொடர்ந்து மேலே கண்ணை ஓட்டினாள். மடிப்பு இல்லை, கயிறு இல்லை. நேராகப் போய் விலாவில் சேர்ந்தது.

"நேத்திலேருந்து குமிழி இல்லைம்மா," என்றார் பரிதி. "டாக்டர் ரெண்டு தடவை சோதிச்சுட்டாங்க. நாளைக்குக் குழாயை எடுத்துடுவாங்க. நான் உங்களைக் கூப்பிட்டது வேற விஷயம். இவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்தேன். உதட்டைக் குவிச்சு, விசில் அடிக்கிற மாதிரி வச்சுக்கிட்டு, மெதுவாக் காத்தை விடணும். மத்தவங்களுக்குப் புரிய ரெண்டு நாளாவது ஆகும். இவரு சொன்ன உடனே செஞ்சாரு. இப்ப என்ன கஷ்டம்னா, போதும், ஓய்வெடுங்கன்னாலும் நிறுத்த மாட்டேங்குறாரு. கதவைப் பாக்குறாரு, ஊதுறாரு. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

சாவித்திரி அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். வீக்கம் வடிந்து, தாடி நரைத்து, பாதியாய் இளைத்த முகம். வைரக்கண்ணு அவளைப் பார்த்தார். உதட்டைக் குவித்தார். சின்னதாய் ஒன்று ஊதினார். நிறுத்தி, இன்னொன்று. பிறகு மூச்சை இழுத்து, நீளமாய் ஒன்று.

சத்தம் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

"வந்துட்டேன்," என்றாள் சாவித்திரி.